சிவக்க வேண்டிய கட்டம் ஏன் சிவக்கவில்லை?

சங்கத்துக் கணக்கைச் சரிபார்ப்பது நமது தொழில். அங்கத்தினரின் வீட்டுக் கணக்கில் தலையிடுவது நமது தொழிலன்று. எனினும், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் தேதி, நமது சரகத்தைச் சேர்ந்த வேளாண்மைக் கடன் சங்கம் ஒன்றில் ஆய்வை முடித்துப் பதிவேடுகளை மூடிவைத்துக்கொண்டிருந்த வேளையில், அழையாமலே ஒரு வீட்டுக் கணக்கு நம்முன் வந்து சேர்ந்தது. அன்று பிற்பகல் முழுவதும் அதிலேயே கழிந்தது. கணினியில் வீட்டு வரவு செலவு எழுதும் குடும்பங்கள் இன்று நம் அங்கத்தினர்களிடையே பல உள்ளன. அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதுகிறோம்.

வந்தவர் அறுபது வயதைக் கடந்த நெசவாளர். கைத்தறியில் போர்வை நெய்பவர். அவருடைய இளைய மகன் இரண்டு ஏக்கரில் மஞ்சள் பயிரிட்டு, அதன்பேரில் அந்தச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றிருந்தார். பெரியவர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த சங்கிலி ஒன்றை மேஜைமீது வைத்து, நகைக்கடனாக எவ்வளவு கிடைக்கும் என்று செயலாளரைக் கேட்டார். அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிய வகையில் 9,000 ரூபாய் நிற்கிறது என்றும், அதை அடைத்தாக வேண்டும் என்றும் சொன்னார். இந்தத் தேவை எப்படி ஏற்பட்டது என்று நாம் வினவினோம்.

"அதுதானுங்க ஐயா எங்களுக்கும் புரியவில்லை. பேத்தி கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறாள். திட்டத்துக்கு மேலே செலவு போனால் அந்தக் கட்டம் சிவப்பாய் வருமாம். மூன்று மாதமாய் ஒரு கட்டமும் சிவக்கவில்லை. ஆனால் பெட்டியில் பணம் இல்லை. வீட்டில் யாரோ எடுக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது" என்றார் பெரியவர். சற்று நிறுத்தி, "அடியில் மொத்தம் போட்ட கட்டம் மட்டும் முதல் நாளிலிருந்தே சிவப்பு. அது கோளாறு என்று விட்டுவிட்டோம்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

நம்மைத் திடுக்கிட வைத்தது 9,000 ரூபாய் அன்று. 'யாரோ எடுக்கிறார்கள்' என்ற சொல்தான். ஒரே கூரையின்கீழ் வாழும் ஐந்து பேருக்குள் இந்த எண்ணம் புகுந்துவிட்டால், அதன் சேதத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத இயலாது. பேத்தியை மடிக்கணினியுடன் வரச்சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். கல்லூரியில் வணிகவியல் பயிலும் அப்பெண் அரைமணி நேரத்திற்குள் வந்துவிட்டாள்.

கணக்கு எக்ஸெல் விரிதாளில் இருந்தது. செம்மையாகவே அமைத்திருந்தாள். 'ஏ' பத்தியில் செலவினம், 'பி' பத்தியில் அம்மாதத்துக்குத் திட்டமிட்ட தொகை, 'சி' பத்தியில் உண்மையில் செலவான தொகை, 'டி' பத்தியில் மீதம். 4ஆம் வரியில் மளிகை தொடங்கி 15ஆம் வரி முடியப் பன்னிரண்டு இனங்கள். 16ஆம் வரியில் மொத்தம். எண்களைப் படித்தாலே உண்மை விளங்கியிருக்கும். மே மாதத் தாளில் பாலுக்குத் திட்டம் 1,500, செலவு 1,620. மருந்துக்குத் திட்டம் 1,000, செலவு 2,350. பேருந்துக்கும் கைபேசிக்குமாகத் திட்டம் 1,200, செலவு 1,480. மொய்க்குத் திட்டம் 1,000, செலவு 3,000. மளிகையில் மட்டும் 6,000க்கு 5,700 செலவாகி 300 மிச்சப்பட்டிருந்தது. ஏனையவை திட்டப்படியே இருந்தன. ஆக, அம்மாதம் மட்டும் 3,450 ரூபாய் மிகுதி. ஆயினும் எழுத்து சிறியது, நிறம் பெரியது. பெரியவர் நிறத்தையே பார்த்தார். அவர் மருமகள் தொகைகளைப் பதிந்துவிட்டு நிறத்தையே பார்த்தார். நிறம் வரும் என்று சொல்லித் தந்த பின்னர் எண்ணைப் படிக்க எவரும் முனையவில்லை.

இங்கே, இந்த நிறமிடும் ஏற்பாடு யாது என்பதை அறியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய பேரேடுகளில் பற்று மிஞ்சிய இடத்தைச் சிவப்பு மையால் எழுதும் வழக்கம் உண்டல்லவா? அதையே கணினி தானாகச் செய்யும்படி ஒரு நிபந்தனையை எழுதிவைப்பதே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்பது. 'இக்கட்டத்தின் தொகை அக்கட்டத்தின் தொகையைவிட மிகுந்தால் சிவப்பிடுக' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பின்னர் தொகை மாறும்போதெல்லாம் நிறமும் மாறும். கணினி விரிதாள் என்பதை 1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இரு அமெரிக்கர்கள் விசிகால்க் என்ற பெயரில் தனியாள் கணினிக்குக் கொண்டுவந்தனர். எக்ஸெல் 1985இல் மாக்கின்டாஷ் கணினியில் தோன்றியது. நிபந்தனைப்படி நிறமிடும் வசதியோ எக்ஸெல் 97இல்தான் வந்து சேர்ந்தது. அப்போது ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் இட முடியாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த வரம்பு நீங்கிற்று. நிபந்தனைகள் எத்தனை வேண்டுமானாலும் இடலாம் என்றானபின் குழப்பங்களும் பெருகின என்பது நமது எண்ணம்.

நிற்க. அப்பெண் செய்திருந்த பிழையைக் கண்டறிய நெடுநேரம் ஆகவில்லை. 'ஹோம்' பட்டையிலுள்ள 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்பதைத் திறந்து, அதன் அடியிலுள்ள 'மேனேஜ் ரூல்ஸ்' என்பதற்குச் சென்று, 'இந்தத் தாள்' என்பதைத் தெரிவு செய்தால், அத்தாளில் நடைமுறையிலுள்ள விதிகள் யாவும் வரிசையாக வெளிப்படும். நிறம் பற்றிய எந்தக் கோளாறுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. தாளின் முகத்தை மணிக்கணக்கில் உற்று நோக்குவதில் பயனில்லை. அங்கே ஒரே ஒரு விதி இருந்தது. 'சி4 முதல் சி16 முடிய உள்ள கட்டங்களில் எதன் மதிப்பு $பி$4ஐ விட மிகுதியோ அது சிவக்கட்டும்' என்பது அதன் பொருள்.

இரண்டு டாலர் குறிகள்! நோய் அங்கேதான் இருந்தது. (கணினியில் இவ்வெழுத்துகளை ஆங்கிலத்தில் இடவேண்டும், இங்கு நம் எழுத்தில் தருகிறோம்.) எக்ஸெலில் டாலர் குறிக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. அது முளையடித்துக் கட்டுதல் போன்றது. பி என்பதன் முன் குறி இருந்தால் பத்தி நகராது. 4 என்பதன் முன் குறி இருந்தால் வரி நகராது. இரண்டின் முன்னும் இருந்தமையால், ஒவ்வொரு செலவும் தனக்குரிய திட்டத் தொகையோடு ஒப்பிடப்படாமல், பி4 என்னும் ஒரே கட்டத்தோடு, அதாவது மளிகைக்குரிய 6,000 ரூபாயோடு, ஒப்பிடப்பட்டது. மருந்து 2,350 ஆனாலென்ன, மொய் 3,000 ஆனாலென்ன? 6,000ஐ எட்டாதவரை அவை வெள்ளையே. மொத்தத் தொகையோ எந்த மாதமும் 6,000க்கு மேற்பட்டதாகவே இருக்கும். ஆகவே அது எந்நாளும் சிவப்பு. சிவக்க வேண்டியவை சிவக்காமலும், காரணமின்றி ஒன்று சிவந்தும் கிடந்தன. எப்போதும் சிவந்தே இருப்பதை நாளடைவில் கண் காண்பதில்லை என்பதையும் இக்குடும்பத்தில் கண்டோம்.

"நான் டாலர் குறி எதுவும் போடவில்லையே சார்" என்றாள் அப்பெண். அவள் சொன்னது உண்மை. 'கிரேட்டர் தேன்' என்னும் சிறு பெட்டியில் ஒப்பிட வேண்டிய கட்டத்தைச் சுட்டியால் தொட்டுக் காட்டினால், எக்ஸெல் தானாகவே இரண்டு டாலர் குறிகளையும் சேர்த்து எழுதிவிடும். கேட்காமலே முளையடித்துவிடும் இவ்வழக்கத்தால் ஏமாந்தவர் அவள் ஒருத்தி அல்லள். மேலும், பிப்ரவரியில் அமைத்த தாளைப் படியெடுத்தே மார்ச்சுக்கும், ஏப்ரலுக்கும், மே மாதத்துக்கும் தாள்கள் உண்டாக்கியிருந்தாள். தாளோடு பிழையும் படியெடுக்கப்பட்டது.

நாம் அவளையே விதியைத் திருத்தச் சொன்னோம். 'எடிட் ரூல்' என்பதைத் திறந்து, இரு குறிகளையும் நீக்கி, வெறும் =பி4 என்று எழுதினாள். விதி பொருந்தும் பரப்பின் முதற்கட்டம் சி4 ஆதலால், சி4ஐ பி4உடனும், சி5ஐ பி5உடனும், இவ்வாறே கீழேயும் எக்ஸெல் தானே நகர்ந்து ஒப்பிடும். சரி என்ற பொத்தானை அழுத்தியதும் பால், மருந்து, பேருந்து, மொய் ஆகிய நான்கு கட்டங்களும் ஒருங்கே சிவந்தன. மொத்தக் கட்டம் முன்போலவே சிவப்பாக நின்றது; ஆனால் இம்முறை காரணத்தோடு நின்றது. மார்ச்சுத் தாளையும் ஏப்ரல் தாளையும் அவ்வாறே திருத்தினாள். மார்ச்சில் 2,610, ஏப்ரலில் 3,080, மே மாதத்தில் 3,450. ஆக 9,140 ரூபாய் மிகுதி. கைமாற்று 9,000 எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பெரியவர் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். மொய் என்ற வரியைத் தொட்டு, "இது நான் வைத்ததுதான்" என்றார். மருந்து என்ற வரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் மூட்டுவலிக்கு வாங்கிய மருந்து என்பதைப் பேத்தி பின்னர் நம்மிடம் சொன்னாள்.

கட்டத்தை மட்டுமன்றி வரி முழுவதையும் சிவப்பிக்க வேண்டும் என்று அப்பெண் விரும்பினாள். இது எளிது, ஆனால் இங்கே டாலர் குறி வேண்டும்! ஏ4 முதல் டி15 முடியத் தெரிவு செய்து, 'நியூ ரூல்' வழியாகச் சூத்திரம் எழுதும் வகையைத் தேர்ந்து, =$சி4>$பி4 என்று எழுதுதல் வேண்டும். பத்தியின் முன் மட்டும் குறி. வரியின் முன் குறி இல்லை. குறியே இல்லாமல் =சி4>பி4 என்று எழுதினால், ஏ பத்தி சரியாக நிறம் பெறும்; ஆனால் பி பத்தியிலுள்ள கட்டமோ ஒரு படி வலப்புறம் நகர்ந்து, மீதத்தைச் செலவோடு ஒப்பிடத் தொடங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூத்திரத்தில் எழுதும் வரி எண், தெரிவு செய்த பரப்பின் முதல் வரி எண்ணாகவே இருத்தல் வேண்டும். பரப்பு 4ஆம் வரியில் தொடங்க, சூத்திரத்தில் 5 என்று எழுதிவிட்டால், மருந்தின் மிகுதிக்குப் பால் சிவக்கும். பாலின் மிகுதிக்கு மளிகை சிவக்கும். ஜக்கார்டு அட்டை ஒன்று இடம் மாறிக் கோக்கப்பட்டால் பூவின் உருவம் அப்படியே வந்தும் இடம் தவறி விழுவதைப் பெரியவர் உவமையாகச் சொன்னார். நாம் சொன்ன எதையும்விட அதுதான் அப்பெண்ணுக்கு விளங்கிற்று.

இத்துடன் முடிந்தது என்று எழுந்திருக்க முனைந்தோம். மடிக்கணினியை மூடுமுன் 'கெடு நாட்கள்' என்ற பெயருடன் மற்றொரு தாள் இருந்ததைக் கண்டோம். நல்லவேளையாகக் கண்டோம் என்றே சொல்ல வேண்டும். அதில் ஏ பத்தியில் கட்ட வேண்டிய இனம், பி பத்தியில் கெடு நாள், சி பத்தியில் கட்டிய நாள். கெடுவுக்குப் பதினைந்து நாட்களோ அதற்குக் குறைவாகவோ இருந்து, இன்னும் கட்டாமலிருந்தால் அவ்வரி மஞ்சளாக வேண்டும் என்பது விதி. பயிர்க்கடனுக்கு எதிரே 10/06/2025 என்று இருந்தது. அன்று தேதி 3. ஏழே நாட்கள். ஆனால் அவ்வரி வெள்ளையாக இருந்தது.

நம் மாநிலத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்தும் அங்கத்தினரிடம் வட்டி பெறுவதில்லை என்பதும், நாள் தவறினால் அச்சலுகை போய்விடும் என்பதும் இவ்விதழைப் படிப்போர் அறிந்ததே. அப்பெண்ணின் சிற்றப்பா அந்தத் தாளையே நம்பியிருந்தார். கிடங்கில் மஞ்சள் மூட்டைகள் இருந்தன. விலை ஏறட்டும் என்று காத்திருந்தார். தாள் மஞ்சளாகும்போது விற்றுக் கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

விதியைத் திறந்து பார்த்தோம். =AND என்னும் பொருள்தரும் சூத்திரம் முறையாகவே இருந்தது: சி பத்தி காலியாக இருக்க வேண்டும், பி பத்தியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்தால் 15க்கு மேற்படலாகாது. டாலர் குறிகளும் சரியான இடத்தில் இருந்தன. அப்படியாயின் பிழை விதியில் இல்லை. விதி பார்க்கும் சரக்கில் இருக்க வேண்டும்.

தேதிகளை உற்று நோக்கியபோது, சில கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றன. எக்ஸெல் தானாக எண்ணையும் தேதியையும் வலப்பக்கம் நிறுத்தும். வெறும் எழுத்தை இடப்பக்கம் நிறுத்தும். மின்கட்டணத்துக்குரிய 25/06/2025 இடப்பக்கம் நின்றது. அதாவது எக்ஸெல் அதனைத் தேதியாகவே ஏற்கவில்லை. ஏனெனில் அந்த மடிக்கணினியில் நாடு, மொழி பற்றிய அமைப்பு அமெரிக்க வழக்கில் இருந்தது. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். 25ஆவது மாதம் என்று ஒன்று இல்லாமையால் அதை எழுத்தென்று ஒதுக்கிவிட்டது. எழுத்திலிருந்து தேதியைக் கழிக்க இயலாமல் சூத்திரம் பிழைபட்டது. பிழைபட்ட விதி நிறமிடாது, குறை ஒன்றும் சொல்லாமல் வாளா இருந்துவிடும்.

பயிர்க்கடன் தேதியோ இதனினும் பொல்லாதது. 10/06/2025 வலப்பக்கமே நின்றது, பார்வைக்குக் குறையில்லை. ஆனால் 10ஆவது மாதம் என்று ஒன்று உண்டே! எக்ஸெல் அதனை அக்டோபர் 6 என்று கொண்டுவிட்டது. சந்தேகத்தைத் தீர்க்க அக்கட்டத்தின் வடிவத்தை நீண்ட தேதியாக மாற்றச் சொன்னோம். அக்டோபர் என்றே காட்டிற்று. வெறும் எண்ணாக மாற்றினால் 45,936 என்று வந்தது. விரிதாள்கள் தேதியை நாட்கணக்காகவே வைத்திருக்கின்றன. எக்ஸெலில் 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு எண் 1. 2025 ஜூன் 10க்கு உரிய எண் 45,818. இரண்டுக்கும் 118 நாட்கள் வேற்றுமை. அந்தத் தாளை நம்பியிருந்தால், செப்டம்பர் மாத இறுதியில்தான் அவ்வரி மஞ்சளாகியிருக்கும். சங்கப் பேரேட்டில் அதற்குள் அது தவணை தவறிய கடனாகி மூன்று மாதம் கடந்திருக்கும்.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவளைக் குறைகூற ஒன்றுமில்லை என்று நாம் சொன்னோம். அது ஆறுதலுக்காகச் சொன்னதன்று. அவள் எழுதியது சரியான தேதி. கணினி அதைத் தன் நாட்டு வழக்கில் படித்தது. உடனே விண்டோஸ் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றச் செய்தோம். ஆனால் அமைப்பை மாற்றுவதனால் முன்பு தவறாகப் பதிந்த தேதி திருந்திவிடாது. காட்சி மட்டுமே மாறும். ஆகவே தேதிகள் அனைத்தையும் சங்கப் பேரேட்டோடும் ரசீதுகளோடும் ஒப்பிட்டு மீண்டும் பதியச் செய்தோம். ஐயம் வராதிருக்க 2025-06-10 என ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் இடுவது நலம். எந்த நாட்டு அமைப்பிலும் அது மாறிப் படிக்கப்படாது. பதிந்து முடித்த கணத்தில் பயிர்க்கடன் வரி மஞ்சளாயிற்று. பெரியவர் அப்போதே வெளியே சென்று மகனுக்குத் தொலைபேசியில் பேசினார்.

அத்தாளில் இன்னொரு சிறு தொல்லையும் இருந்தது. வருங்காலப் பதிவுக்காகக் காலியாக விட்டிருந்த வரிகளெல்லாம் மஞ்சளாகிவிடுகின்றன என்று அவள் அவற்றை விதியின் பரப்பிலிருந்தே நீக்கியிருந்தாள். காலிக் கட்டத்தை எக்ஸெல் பூஜ்யமாகக் கொள்ளும்; பூஜ்யத்திலிருந்து இன்றைய தேதியைக் கழித்தால் 15க்குக் குறைவுதானே! 'பி பத்தி காலியாக இருக்கலாகாது' என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டுப் பரப்பைப் பழையபடி விரித்தோம்.

இவ்வளவு எழுதியபின், ஆய்வாளர் வீட்டுக் கணக்கு எவ்வாறு உள்ளது என்று அங்கத்தினர்கள் வினவினால் அது நியாயமே. சொல்லிவிடுகிறோம். நம் இல்லத்து விரிதாளில் சில ஆண்டுகளுக்கு முன் ஆறு மாதம் ஒரு கட்டமும் சிவக்கவில்லை. நமது சிக்கனத்தைக் குறித்து நாமே பெருமிதம் கொண்டிருந்தோம். நம் துணைவியார்தாம் ஒருநாள், திட்டத் தொகைகள் மட்டும் ஏன் இடப்பக்கம் நிற்கின்றன என்று கேட்டார். ஒவ்வொரு திட்டத் தொகைக்கும் முன் 'ரூ.' என்று நாமே கையால் தட்டியிருந்தோம். எனவே அவை தொகையல்ல, எழுத்து. எக்ஸெலில் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால், எழுத்தே எப்போதும் பெரியது என்று அது தீர்ப்பளிக்கும். நாம் ஒரு லட்சம் செலவிட்டிருந்தாலும் 'ரூ. 1500' என்னும் எழுத்தை அது மிஞ்சியிராது. எண்ணை மட்டும் இட்டு, ரூபாய்க் குறியை வடிவ அமைப்பின் மூலம் வரச் செய்வதே முறை.

இதன் மறுதலையும் உண்டு. வங்கியின் இணைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டும் தொகைகளோடு, கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிக்குறி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அப்போது செலவுத் தொகை எழுத்தாகிவிடும். பத்து ரூபாய்ச் செலவும் சிவக்கும். அதைவிடக் கேடு, கூட்டல் சூத்திரம் எழுத்தைச் சேர்க்காமல் விட்டுவிடும். மொத்தம் குறைந்து காட்டும். இத்தகைய கட்டத்தைக் காண எளிய வழி, அருகில் ஒரு காலிக் கட்டத்தில் இஸ்நம்பர் என்னும் சூத்திரத்தை இட்டு, அது எண்தானா என்று கேட்பதே. இல்லை என்று விடை வந்தால், கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றினால் மட்டும் போதாது. தொகையை மறுபடி தட்டியாக வேண்டும்.

விதிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால் வரிசையும் முக்கியம். திட்டத்தில் எண்பது சதவீதம் செலவானால் மஞ்சள், முழுதும் மிஞ்சினால் சிவப்பு என்று இரண்டு விதிகளை வைத்த அங்கத்தினர் ஒருவர், சிவப்பே வரக்காணோம் என்று பின்னொரு நாள் நம்மிடம் குறைப்பட்டார். சிவப்பு விதியை முதலில் எழுதி, மஞ்சள் விதியைப் பின்னர் எழுதியிருந்தார். எக்ஸெல் புதிய விதியைப் பட்டியலின் தலைமாட்டில் வைக்கும். முரண்படும்போது மேலுள்ளதே வெல்லும். நூற்றிருபது சதவீதம் என்பது எண்பதையும் தாண்டியதுதானே? ஆகவே மஞ்சளே நின்றது. பட்டியலில் அம்புக்குறியை அழுத்திச் சிவப்பை மேலேற்றினால் தீர்ந்தது. சதவீதம் பற்றி இன்னொரு சொல்: 80% என்பது எக்ஸெலுக்கு 0.8. விதியில் வெறும் 80 என்று எழுதினால் அது எட்டாயிரம் சதவீதமாகும். எந்தக் குடும்பமும் அவ்வளவு செலவிடாது.

நாளடைவில் விதிகள் துண்டு துண்டாகச் சிதறுவதும் காணக்கூடியதே. ஒரு மாதத்துத் தொகைகளை வெட்டி ஒட்டும்போது தொகையோடு விதியும் ஒட்டிக்கொள்ளும். ஒரே விதி இருபது துண்டுகளாகப் பட்டியலில் நிற்பதைக் கண்டிருக்கிறோம்; இடையிடையே சில வரிகள் எந்தத் துண்டிலும் சேராமல் விடுபட்டிருக்கும். அந்நிலையில் ஒவ்வொன்றாகத் திருத்த முயல வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பரப்பு முழுவதற்கும் ஒரு விதி எழுதுவதே விரைவு. இனி ஒட்டும்போது மதிப்பை மட்டும் ஒட்டும் வகையைக் கைக்கொள்க. வேறொருவர் தாளில், செலவைக் குறைத்த பின்னும் சிவப்பு அகலவில்லை. யாரோ கையால் சிவப்புப் பூசியிருந்தார்கள். விதி இட்ட நிறம் விதியோடு போகும். கை பூசிய நிறம் கை எடுத்தால்தான் போகும்.

விதியை எழுதியதும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்றை அப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒவ்வொரு வரியிலும் திட்டத்துக்கு ஒரு ரூபாய் குறைவாகவும், சமமாகவும், ஒரு ரூபாய் மிகுதியாகவும் பொய்த் தொகை இட்டுப் பார்ப்பது. மூன்றாவதில் மட்டும் சிவந்தால் விதி சரி. பின்னர் பொய்த் தொகையை மறவாமல் நீக்கிவிட வேண்டும். பன்னிரண்டு வரிகளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். முதல் வரியை மட்டும் சோதித்து நிறுத்தினால், மளிகை சரியாகவே சிவந்து நம்மை ஏமாற்றியிருக்கும். பிப்ரவரியில் அவ்வீட்டில் நடந்தது அதுவே.

அன்று சங்கிலி அடகு வைக்கப்படவில்லை. மஞ்சளில் ஒரு பகுதி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலைபோயிற்று என்றும், பயிர்க்கடன் 9ஆம் தேதி கட்டப்பட்டது என்றும், கைமாற்றும் அத்தொகையிலிருந்தே அடைந்தது என்றும் செயலாளர் பின்னர் தெரிவித்தார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவ்வூருக்கு மீண்டும் சென்றிருந்தோம். பெரியவர் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, எண்களை இப்போது அவரே படிக்கிறார். மருந்துக்குத் திட்டத் தொகை 2,000 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அவ்வரி வெள்ளையாக இருந்தது. மொய்க்கு மட்டும் அதே 1,000. அவ்வரி முழுவதும் சிவந்து கிடந்தது. அதையும் உயர்த்தியிருக்கலாமே என்றோம்.

"அது சிவக்கட்டுங்க ஐயா, ஆவணி மாதம்" என்றார்.